டேப் சுற்றினால் போதுமா? வீட்டிலும் வண்டியிலும் ஒயர்களைப் பாதுகாப்பது எப்படி?

காலையில் அவசரமாகக் கிளம்பும்போது கார் ஸ்டார்ட் ஆகவில்லை. 'நேத்து ராத்திரி நல்லாத்தானே ஓடுச்சு?' என்று போனட்டைத் திறந்தால், கடித்துப் போட்ட ஒயர் துண்டுகளும் எலிப் புழுக்கையும் கிடக்கின்றன. வீட்டுக்குள் இன்னொரு காட்சி. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் செருகிய இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சுற்றிலும் தூசி படிந்த ஒயர்க் குவியல்.

'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று நாம் தள்ளிப்போடும் வேலைகளில் இதுவும் ஒன்று. ஆனால், மின்கசிவாலும் ஒயர் சூடாகியும் ஏற்படும் தீ, பெரும்பாலும் இதுபோன்ற கண்ணில் படாத மூலைகளில்தான் தொடங்குகிறது.

ஒயர் ஏன் சூடாகிறது?

மின்சாரம் பாயும் எந்த ஒயரும் கொஞ்சம் சூடாகும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால், வெப்பம் நான்கு மடங்காகும். ஒயர் மெலிதாக இருந்தாலோ, இணைப்பு லூஸாக இருந்தாலோ அந்த இடத்தில் சூடு இன்னும் கூடும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை மெல்ல இளகும், கருகும், கடைசியில் உள்ளே இருக்கும் கம்பிகள் ஒன்றோடொன்று உரசும்.

ஒரு சின்ன கணக்கு. 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தாங்கக்கூடியது 230 வோல்ட்டில் சுமார் 1,380 வாட். 1,000 வாட் அயர்ன் பாக்ஸையும் 1,500 வாட் கெட்டிலையும் ஒரே நேரத்தில் அதில் போட்டால் 2,500 வாட். அதாவது, கிட்டத்தட்ட 11 ஆம்பியர். 'நாலு பாயின்ட் இருக்கே, நாலுலயும் போடலாம்' என்பது தப்புக் கணக்கு. செல்போன் சார்ஜர், மோடம், டிவி போன்றவற்றுக்கு அந்த பாக்ஸ் போதும். கீசர், ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, ஹீட்டர் ஆகியவற்றுக்கு சுவரிலேயே தனி 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும்.

அழகாகச் சுற்றி வைப்பதும் ஆபத்தா?

ஆமாம், சில நேரங்களில். நீளமான ஒயரை வளையமாகச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு, அதில் அதிக லோடு கொடுத்தால் சூடு வெளியேற வழியிருக்காது. கூடுதல் லோடு போடும்போது சுருளை முழுவதும் பிரித்துவிட வேண்டும். தேவையான அளவு நீளத்தில் ஒயர் வாங்குவதே நல்லது.

ஒயரைக் கார்ப்பெட்டுக்கு அடியிலோ, கதவு இடுக்கிலோ கொண்டு செல்லக் கூடாது. மிதிபட்டு உள்ளே அறுந்தாலும் வெளியே தெரியாது. ஆணி அடித்து மடக்கிப் பிடிப்பதும் வேண்டாம். சுவரோரமாக பிவிசி கேசிங் பட்டி ஒட்டி, அதற்குள் ஒயரை விடலாம். மேஜைக்கு அடியில் வெல்க்ரோ பட்டையால் லூஸாகக் கட்டலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் சுவரில் மாட்டினால், வீடு துடைக்கும் தண்ணீரும் குழந்தைகளின் கையும் படாது.

வெளியிலிருந்து ஜன்னல் வழியாக வரும் ஒயரை, நுழைவதற்கு முன் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. மாடியிலிருந்து ஒயரை இழுத்து மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடுபவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். எர்த் இணைப்புள்ள தனி பாயின்ட்தான் பாதுகாப்பு.

எம்சிபி இருந்தால் போதாதா?

போதாது. எம்சிபி, லோடு அதிகமானாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ டிரிப் ஆகும். உறை கிழிந்த ஒயரை ஒருவர் தொட்டு ஷாக் அடிக்கும்போது, உடல் வழியாகச் செல்லும் சிறிய மின்னோட்டத்தை அது கண்டுகொள்ளாது. அதற்குத்தான் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி. அதில் இருக்கும் 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். அழுத்தியும் விழவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

'அடிக்கடி டிரிப் ஆகுது, பெரிய எம்சிபி போட்டுடுங்க' என்று கேட்பவர்கள் உண்டு. சுவருக்குள் இருக்கும் ஒயர் அதே மெலிந்த ஒயர்தானே? எம்சிபி விழாமல் ஒயர் எரியும்.

காரில் 12 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும்?

12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்பது பெரும்பாலும் சரி. தீப்பிடிக்காது என்பது சரியல்ல. 100 வாட் பல்பு வீட்டில் அரை ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். அதே 100 வாட் காரில் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பெனி கொடுத்த 60 வாட் ஹெட்லைட்டை எடுத்துவிட்டு, ரிலேயும் தகுந்த ஒயரும் இல்லாமல் 100 வாட் பல்பு போட்டால், ஹோல்டரும் ஒயரும் இளகுவது இதனால்தான்.

ஹாரன், ஃபாக் லேம்ப், கேமரா என எதைக் கூடுதலாகப் பொருத்தினாலும், பேட்டரிக்கு அருகிலேயே சரியான அளவு ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் போனால், அதே ஆம்பியரில் புதியது போட வேண்டும். செப்புக் கம்பியையோ சிகரெட் பேப்பரையோ சுற்றிச் செருகவே கூடாது. தகரத்தின் ஓட்டை வழியே செல்லும் ஒயருக்கு ரப்பர் கிராமெட் வேண்டும். இல்லையென்றால் வண்டியின் அதிர்வில் உறை அறுபடும். பைக்கில் ஹேண்டில்பாருக்குக் கீழே ஒயரை இறுக்கிக் கட்டினால், திருப்பித் திருப்பி உள்ளே கம்பி ஒடியும். கொஞ்சம் தளர்வு விட வேண்டும்.

சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை இன்ஜின் சூட்டில் இளகி, டேப் பிரிந்துவிடும். ஒயரை முறையாக இணைத்து, அதன்மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, நெளிவுக் குழாய்க்குள் விடுவதே நீடிக்கும். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும்.

எலியை என்ன செய்வது?

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் அது எதையாவது கடித்துக்கொண்டே இருக்கிறது. ஓடி நின்ற இன்ஜினின் கதகதப்பு அதற்கு நல்ல இடம். புகையிலை, அந்துருண்டை வைப்பவர்கள் உண்டு. வாசனை குறைந்ததும் எலி திரும்பி வரும். காருக்குள் தின்பண்டத் துணுக்குகள் இல்லாமல் வைப்பது, குப்பைத்தொட்டி அருகே நிறுத்தாமல் இருப்பது, வாரம் ஒருமுறையாவது போனட்டைத் திறந்து பார்ப்பது ஆகியவையே பயன் தரும். பல நாள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன்பும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

கருகல் வாடை வந்தால்?

வீட்டில் மெயினை ஆஃப் செய்ய வேண்டும்; தண்ணீர் ஊற்றக் கூடாது. காரில் என்றால் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் உடனே இறங்கி விலகி நிற்க வேண்டும். புகை வரும்போது போனட்டை முழுவதும் திறந்தால், காற்று புகுந்து தீ பெரிதாகும். தீ தெரிந்தால் 101 அல்லது 112-ஐ அழைக்கலாம்.

இன்று இரவு படுக்கும் முன், டிவிக்குப் பின்னால் இருக்கும் பிளக்கின் மேல்பகுதியை உலர்ந்த புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? அப்படியானால் அது நாளைக்குத் தள்ளிப்போடும் வேலையல்ல.