பீட்டா சோதகருக்குச் சம்பளம் உண்டா?

ஒரு மென்பொருள் முழுமையாகத் தயாராகும் முன் வெளியாள்களிடம் கொடுத்து, தினப்படி வேலைக்குப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்வதுதான் பீட்டா சோதனை. நிறுவனத்துக்குள் இருக்கும் சோதனையாளர்களுக்குச் சம்பளம் உண்டு. பீட்டா சோதகர் தன் கணினியில், தன் நேரத்தில், பெரும்பாலும் இலவசமாகவே செய்கிறார். காசு கொடுத்துச் சோதித்தவர்கள்கூட உண்டு: 2000 செப்டம்பரில் ஆப்பிள் தன் மேக் ஓஎஸ் எக்ஸின் பொது பீட்டாவை 29.95 டாலருக்கு விற்றது. அடுத்த ஆண்டு வந்த முழுப் பதிப்பை வாங்கியபோது அவர்களுக்கு 30 டாலர் கழிவு கிடைத்தது.

புதியதை முதலில் பார்க்கும் ஆசை, நம்பியிருக்கும் மென்பொருள் தன் பழைய பிரிண்டரோடும் ஒத்துப்போக வேண்டும் என்ற அக்கறை: இவைதான் பலரையும் இழுக்கின்றன. இந்த அளவில் இருக்கும்வரை சம்பளப் பேச்சு தேவையில்லை என்பேன். பிடித்தால் ஓட்டுகிறார், பிடிக்காவிட்டால் நீக்கிவிடுகிறார். யாரும் அவரை வேலை வாங்கவில்லை.

வேலை வாங்கத் தொடங்கினால் கதை வேறு. பீட்டா சோதனையைச் சேராத ஒரு வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்காவின் ஏஓஎல் இணையச் சேவை, அரட்டை அறைகளைக் கவனிக்க ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்திருந்தது. கைம்மாறாக இணைய இணைப்பு இலவசம் அல்லது சலுகை விலை. ஆனால் அவர்களுக்குப் பயிற்சி இருந்தது, ஷிப்ட் இருந்தது, வேலை நேரத்தைப் பதிவு செய்யும் கடமையும் இருந்தது. 1999இல் முன்னாள் தன்னார்வலர்கள் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தார்கள். பத்தாண்டுக்கும் மேல் இழுத்த வழக்கு, ஒன்றரைக் கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. பெயர் தன்னார்வலர் என்றாலும் நேரத்தையும் பணியையும் நிறுவனமே தீர்மானித்தால் அது வேலைதான். "இந்த ஐம்பது படிகளையும் வெள்ளிக்கிழமைக்குள் முடித்து அறிக்கை அனுப்புங்கள்" என்று பீட்டா சோதகரிடம் சொல்லும் நிறுவனம் கூலி தர வேண்டும்.

பிழைக்கு இவ்வளவு என்று பரிசு தருவது இன்னொரு வழி. நெட்ஸ்கேப் 1995 அக்டோபரிலேயே தன் நேவிகேட்டர் 2.0 பீட்டாவுக்கு அப்படி அறிவித்தது. இன்று பாதுகாப்பு ஓட்டைகளுக்கு இது பரவலான முறை. அங்கே பொருந்துகிறது, ஓட்டையின் தீவிரத்தை அளந்து விலை வைக்கலாம். "இந்தப் பட்டன் கண்ணில் படவில்லை" என்ற குறைக்கு எப்படி விலை வைப்பது? குறைக்கு இவ்வளவு என்றால் அற்பக் குறைகள் குவியும். ஒருகாலத்தில் பீட்டாவை விற்ற ஆப்பிளோ, இன்று தன் டெஸ்ட்ஃபிளைட் சேவை வழியே பீட்டா தரும் செயலி நிறுவனங்கள் எந்தவிதக் கைம்மாறுக்கும் அதைச் சோதகர்களுக்கு வழங்கக் கூடாது என்றே விதி வைத்திருக்கிறது.

என்னை அதிகம் உறுத்துவது காசைவிடக் கவனிப்பின்மைதான். 2014இல் மைக்ரோசாஃப்ட் பெரும் ஆட்குறைப்பு செய்தபோது சோதனைப் பிரிவினர் பலர் வேலையிழந்தார்கள். அதே ஆண்டு பொதுமக்கள் பீட்டா சோதகர்களாகச் சேரும் விண்டோஸ் இன்சைடர் திட்டம் தொடங்கியது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட், ஆவணங்கள், படங்கள் போன்ற கோப்புறைகளை வேறு இடத்துக்கு மாற்றியிருந்த சிலரின் கணினிகளில் பழைய இடத்தில் மிஞ்சியிருந்த கோப்புகளை அழித்துவிட்டது. சில நாள்களிலேயே அதை நிறுத்தி, நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டார்கள். இன்சைடர்கள் சிலர் வெளியீட்டுக்கு முன்பே இதைப் புகாராக எழுதியிருந்தார்கள். ஆதரவு வாக்குகள் குறைவாக இருந்ததால் அவை ஆயிரக்கணக்கான கருத்துகளுக்கு அடியில் கிடந்தன. கோப்பு போன ஒருவரின் புகாருக்கு வாக்கு எண்ணிக்கையா அளவுகோல்? அதன்பின்தான் சிக்கலின் தீவிரத்தைக் குறிப்பிடும் வசதியைப் புகார்ப் படிவத்தில் சேர்த்தார்கள்.

சம்பளம் தராத நிறுவனத்துக்கும் கடன் உண்டு: புகாரைப் படிக்க ஆள் வைக்க வேண்டும், என்ன ஆனது என்று பதில் சொல்ல வேண்டும், ஆபத்தை முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். தொழில்முறைச் சோதனையாளரின் இடத்தைத் தன்னார்வலரைக் கொண்டு நிரப்பவும் கூடாது. சேர விரும்புபவர் முதலில் தன் கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்துவிட்டு, நிபந்தனைகளை வாசிக்கட்டும். கட்டாய நேரமோ கெடுவோ அதில் இருந்தால், தயங்காமல் ஊதியம் கேட்கலாம்.