பிடித்தால்தான் தொடரும்: கல்லூரி மாணவர்களும் உடற்பயிற்சியும்

உடற்பயிற்சி நல்லது என்பதை அறியாத கல்லூரி மாணவர் இல்லை. ஆனாலும் தொடர்ந்து செய்பவர்கள் குறைவு. காரணம் சோம்பல் மட்டும் என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில், உடற்பயிற்சி என்றதும் மனதில் எழும் உணர்வுக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாடு உள்ளிட்ட 4 பகுதிகளில் நடத்தி, 2014ல் வெளியான ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று தெரிந்தது. ஓய்வு நேரத்தில் விளையாட்டு, உடற்பயிற்சி என்று ஈடுபட்டவர்கள் 10 சதவீதத்திற்கும் குறைவு. மேலை நாட்டினரை விட நம்மவர்களுக்குச் சர்க்கரை நோய் இளம் வயதிலேயே வருவதால், இது கல்லூரிப் பருவத்திலேயே கவனிக்க வேண்டிய விஷயம்.

காஞ்சிபுரத்தின் செவிலிமேடு போன்ற நெசவாளர்கள் வாழும் பகுதிகளை எண்ணிப் பாருங்கள். தறிக்குழியில் காலை இறக்கி, நாள் முழுக்க மிதி மிதித்து நெய்யும் வீட்டில் உடம்பை வருத்துவது பிழைப்புக்காக. "எங்களைப் போல் கஷ்டப்படாமல் ஆபீஸ் வேலைக்குப் போ" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, காரணமின்றி ஓடுவது வெட்டி வேலையாகத் தோன்றலாம். பள்ளிக்குத் தாமதமாக வந்ததற்காக மைதானத்தைச் சுற்றி ஓடவிடப்பட்டவருக்கோ ஓட்டம் என்றாலே தண்டனைதான்.

பயிற்சியின்போது ஏற்படும் உணர்வை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். மூச்சு வாங்கும் அளவுக்கு வேகம் கூடும்போது பெரும்பாலானோருக்கு இன்பம் குறைந்து எரிச்சல் கூடுகிறது. அமெரிக்காவில் நடந்து 2008ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மிதமான பயிற்சியின்போது நன்றாக உணர்ந்தவர்களே 6 மாதம், 12 மாதம் கழித்தும் அதிகம் உடற்பயிற்சி செய்பவர்களாக இருந்தனர்.

கனடாவில் நடந்து 2011ல் வெளியான இன்னொரு ஆய்வு, பயிற்சி எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்பதை மக்கள் முன்கூட்டியே குறைத்து மதிப்பிடுவதைக் காட்டியது. தொடக்கத்தில் உள்ள சிரமத்தையே மனம் பெரிதாக நினைக்கிறது. செய்து முடித்தவர்களுக்கோ அது எதிர்பார்த்ததை விட நன்றாகவே இருந்தது.

ஆகவே, "நாளை முதல் 5 கிலோமீட்டர் ஓடுவேன்" என்று தொடங்க வேண்டாம். முதல் நாளே உடம்பு நொந்தால் மறுநாள் மனம் வராது. பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் நடந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு வாரத்திற்கு 150 நிமிட மிதமான உழைப்பு. அதாவது 5 நாட்கள், தலா அரை மணி நேரம். அதையும் 10 நிமிடத்திலிருந்து தொடங்கலாம்.

எந்தப் பயிற்சி என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். கிரிக்கெட், பூப்பந்து, சைக்கிள், நண்பருடன் நடை, எதுவானாலும் சரி. மாணவிகளுக்குத் தடையாக இருப்பது பல நேரங்களில் விருப்பமின்மை அல்ல. பிறர் பார்வை குறித்த கூச்சமும் பாதுகாப்பான இடமின்மையும்தான். மொட்டை மாடியோ, தோழிகளுடன் சேர்ந்த நடையோ, கல்லூரியில் மாணவிகளுக்கென ஒதுக்கிய நேரமோ அந்தக் கூச்சத்தைக் குறைக்கும்.

பெற்றோர்களும் ஆசிரியர்களும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். "குண்டாகிவிட்டாய், ஓடு" என்று சொல்லும்போது பிள்ளையின் மனதில் ஓட்டத்தோடு அவமானமும் சேர்ந்து பதிகிறது. "வா, சேர்ந்து நடக்கலாம்" என்று அழைத்துப் பாருங்கள்.