ஓரத்தில் நட்ட குச்சி
வெளியே ஒரு வகுப்பு – 11

நாற்பது பிள்ளைகளோடு அனுப்பம்பட்டு நிலையத்தில் இறங்கியபோது மணி எட்டரை. கும்மிடிப்பூண்டி லோக்கல் எங்களை இறக்கிவிட்டுப் பொன்னேரி பக்கம் போய்விட்டது. நடைமேடையில் நாங்களும், காலி மீன்கூடையோடு சென்னைப் பக்கம் போக வண்டிக்குக் காத்திருந்த ஒரு அம்மாவும்தான். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நாலு திக்கும் பார்த்துவிட்டு, "சார், ஏரி எங்கே?" என்றான். கண்ணுக்கு எட்டியவரை வயல்.

வரைபடத்தில் பார்த்தால் அனுப்பம்பட்டுக்கும் பழவேற்காட்டுக்கும் விரல் அகலம்தான் இடைவெளி. ஏற்பாடு செய்தவர் அதை நம்பி எங்களை இங்கே இறக்கினார். எங்களுக்காகப் பேசியிருந்த வேனோ, எல்லா வேனும் நிற்கிற இடத்தில், அடுத்த நிலையமான பொன்னேரியில் நின்றது. போன் மேல் போன். கூடைக்கார அம்மா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "பழவேற்காடு போறவங்க இங்க ஏம்ப்பா எறங்கினீங்க? பொன்னேரியில எறங்குனா பஸ்ஸே இருக்குதே" என்றார். நாற்பது பேருக்குப் பணம் வாங்கியவருக்குத் தெரியாதது, தினமும் இந்தத் தடத்தில் கூடை தூக்குகிறவருக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு முதல் பாடம் அங்கேயே முடிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எரிச்சல்தான் வந்தது.

ஏரிக்கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது பதினோரு மணிக்கு. இரண்டு மணி நேரம் தாமதம். திட்டம் இதுதான்: தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஏரிக்குள் அரை கிலோமீட்டர் நடந்து ஒரு மணல் திட்டுக்குப் போவது, பறவை பார்ப்பது, திரும்புவது. வழிகாட்ட ஒரு பெரியவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அறுபதைத் தாண்டிய மீனவர், கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு. எங்களைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "இனிமே வேணாம்" என்றார்.

ஏற்பாட்டாளருக்கு முகம் சுருங்கியது. "முழங்கால் தண்ணிதானே தாத்தா? அதோ, அவங்க நடக்குறாங்களே."

"இப்ப முழங்கால்தான். திரும்பி வர்றப்போ? நடுவுல ஓடை ஒண்ணு ஓடுது. ஒன்பது மணிக்கு வத்திக் கெடந்துச்சு. இப்ப ஏறுது."

"பேரன்ட்ஸ் கிட்ட சொல்லிட்டோம். நிகழ்ச்சியில போட்டிருக்கு."

பெரியவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. கரையில் கிடந்த சவுக்குக் குச்சி ஒன்றை எடுத்து, தண்ணீர் மணலைத் தொடும் இடத்தில் சரியாக நட்டார். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இத்தப் பாத்துனே இருங்க" என்றார். அவ்வளவுதான்.

பழவேற்காடு ஏரி ஏமாற்றுகிற ஏரி. நீளம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர்க் காயல் இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்க, தெற்குக் கோடி மட்டும் நம்முடையது. இத்தனை பெரிய நீர்ப்பரப்புக்குச் சராசரி ஆழம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இடுப்பளவு. அதனால்தான் வெளியூர்க்காரர்களுக்கு இதைப் பார்த்தால் பயம் வருவதில்லை. ஆனால் முகத்துவாரத்தை நெருங்கும்போது இது ஏரி அல்ல, கடல் உள்ளே வந்து போகிற வாசல். நீரோட்டம் அறுத்த ஓடைகள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலா வந்த ஒரு குடும்பக் கூட்டத்தின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகு ஓட்டத் தடை வந்தது. பெரியவர் அன்றைக்கு அந்த விபத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கரையில் நின்ற மற்றவர்களும் சொல்லவில்லை. நான்தான் நினைத்துக்கொண்டே நின்றேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான சாகசக் கல்வி என்று இன்று நாம் சொல்வதற்கு ஒரு பிறந்த இடம் உண்டு. அதுவும் கடலோரம்தான். கர்ட் ஹான் என்ற ஜெர்மன் ஆசிரியர், 1920-இல் தொடங்கிய சாலெம் என்ற பள்ளியின் தலைவர். (நம் சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நானும் முதல்முறை படித்தபோது ஒரு கணம் ஏற்காட்டை நினைத்தேன்.) இட்லரை எதிர்த்துப் பேசியதால் 1933-இல் சிறைக்குப் போனார், வெளியே வந்து பிரிட்டனில் குடியேறி, 1934-இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர் மூண்டது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. புளூ ஃபனல் கப்பல் கம்பெனியின் லாரன்ஸ் ஹோல்ட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தவர்களில் உடல்வலு மிக்க இளம் மாலுமிகள் இறந்தார்கள். வயதானவர்கள் பிழைத்து வந்தார்கள். பாய்மரக் காலத்தில் தொழில் கற்ற கிழவர்களிடம் இருந்த ஏதோ ஒன்று இளைஞர்களிடம் இல்லை என்று அவருக்குப் பட்டது. ஹானும் அவரும் சேர்ந்து 1941-இல் வேல்ஸ் கடற்கரையில், அபர்டோவி என்ற சிற்றூரில், 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியைத் தொடங்கினார்கள். துறைமுகம் விட்டு வெளிக்கடலுக்குப் புறப்படும் கப்பலைக் குறிக்கிற மாலுமிச் சொல் அது. பின்னால் அந்த இயக்கம் உலகம் முழுக்கப் பரவியது.

ஆக, இந்தக் கல்வியின் மூலமே ஒரு கிழவரின் அனுபவம். எப்போது காத்திருப்பது, எப்போது சக்தியைச் சேமிப்பது, எப்போது கிளம்பாமல் இருப்பது என்ற அறிவு. எண்பது வருடம் கழித்து நம் ஊர்ப் பள்ளிகளின் விளம்பரத் தாளில் அது கயிறாகவும் ஜிப்லைனாகவும் ஹெல்மெட் போட்ட புகைப்படமாகவும் வந்து நிற்கிறது. கயிறு வந்துவிட்டது, கிழவர் வரவில்லை. கயிற்றின் மேல் எனக்கு விரோதம் இல்லை. பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி முப்பதடி உயர ஏறுசுவரில் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டு இறங்குவதை இந்தத் தொடரின் நாலாவது வாரத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தச் சுவரை எந்த ஊரிலும் கட்டலாம். அங்கே காற்று மாறினாலும் நிகழ்ச்சி மாறாது. ஏரி அப்படியில்லை.

திட்டுக்குப் போவது நின்றதும் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். பாதிப் பேர் போனை எடுத்தார்கள். பெரியவர் அவர்களைக் கணுக்கால் தண்ணீரில் வரிசையாக நிற்க வைத்து நடக்கச் சொல்லிக்கொடுத்தார். நடக்கத்தான். "காலத் தூக்கி வைக்காதீங்க. இழுத்துனே போங்க." சேற்றில் திருக்கை புதைந்து கிடக்கும், மேலே மிதித்தால் வால்முள்ளால் அடிக்கும், கால் உரசிக்கொண்டு வந்தால் அதுவே விலகிப் போய்விடும். நாற்பது பேரும் கிழவர்கள் மாதிரி காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார்கள். சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. பாதத்தால் தரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று தெரிந்தது. இங்கே மணல், இங்கே சேறு, இங்கே கிளிஞ்சல் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். உப்பு. ஆனால் கடல் அளவுக்கு இல்லை. அது மழை விட்டு ஒரு மாதம் ஆன தை மாதம். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணி ஆறும் காளங்கியும் கொண்டுவந்து கொட்டும்போது உப்பு கரைந்துபோகும். கோடை முற்றினால் கடலைவிடக் கரிக்கும். இறால் எப்போது வரும், மடவை எப்போது வரும் என்பதெல்லாம் இந்த நாக்குக் கணக்கோடு சேர்ந்தது. வேதியியல் மிஸ் தன் பையிலிருந்து ஏதோ கருவியை எடுத்தார். ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தார். அவரும் விரலை நனைத்து நக்கினார்.

அப்போதுதான் அந்த இரண்டு பெண்கள் கரையேறினார்கள். முன்பு ஏற்பாட்டாளர் கைகாட்டி "அவங்க நடக்குறாங்களே" என்றது இவர்களைத்தான். நடக்கவில்லை, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். இருளர் பெண்கள். பனையோலையில் பின்னிய பறி ஒன்றைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார்கள். அது தாடைக்குக் கீழே மிதந்து வந்தது. வலை இல்லை, தூண்டில் இல்லை. சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறவர்கள்.

ஒரு சிறுமி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஏன் ஆன்ட்டி பல்லால புடிக்கிறீங்க?"

"ரெண்டு கையும் இறாலுக்கு வேணுமே கண்ணு."

அந்தப் பெண் பறியைக் கவிழ்த்துக் காட்டினார். இரண்டு மூன்று கைப்பிடி இறால். உயிருள்ள ஒன்றை ஈரமணலில் விட்டு, தலைப்பக்கம் விரலை நீட்டினார். அது விருட்டென்று பின்னால் துள்ளியது. இறால் பயந்தால் முன்னே ஓடாது, வாலை மடக்கிப் பின்பக்கமாகப் பாயும். அதனால் முன்னால் ஒரு கை சும்மா தொடும், பின்னால் இன்னொரு கை குழித்துக் காத்திருக்கும். பிள்ளைகள் கை குழித்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் சிக்கவில்லை. அவருடைய விரல் நுனிகள் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தன. புறங்கையில் கிளிஞ்சல் கீறிய பழைய கோடுகள். சாகசம் என்று நான் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடிவிட்டேன். எங்களுக்கு அது ஒரு நாள். அவருக்குக் கிலோ இவ்வளவு என்று விலை போகிற வேலை.

இந்த இடத்தில்தான் இந்தத் தொடர் முழுக்க என்னை உறுத்திக்கொண்டிருக்கிற கேள்வி வந்து முட்டுகிறது. நகரத்துப் பிள்ளையைத் தண்ணீருக்குள் இறக்கப் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். குப்பத்துத் தாய் தன் பிள்ளை தண்ணீரில் இறங்காமல் இருக்கவே பள்ளிக்கு அனுப்புகிறாள். மதியம் நாங்கள் சாப்பிட்ட வீட்டில் அந்த அக்கா இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "இவங்கப்பா பட்டது போதும். இது படிச்சிட்டு ஏசி ரூம்ல ஒக்காரணும்." பக்கத்தில் நின்ற அவர் மகனுக்கு ஒன்பது வயது. காற்று வாடைக்குத் திரும்பினால் ஏரி எப்படிக் கலங்கும் என்று எங்கள் அறிவியல் ஆசிரியருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அவன் பள்ளியில் இதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது. அவன் அம்மா சொல்வதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாயில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அலைச்சறுக்கைத் தானே கற்று, குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். புகை கூடாது, குடி கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பின்னால் நகரத்தார் அங்கே போய் அந்தப் பிள்ளைகளிடமே காசு கொடுத்துக் கற்றார்கள். அலையைத் தெரிந்தவன் அங்கே ஆசிரியன் ஆனான், படகுக்கூலி ஆகவில்லை. அதேபோல 1988 முதல் சென்னை மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் இரவு நடை. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் கால் புதையப் புதைய, டார்ச் அடிக்காமல், பங்குனி ஆமையின் தடம் தேடிப் போவது. ஜிப்லைன் இல்லை, மெடல் இல்லை. பாதி நாள் ஆமையும் இல்லை. பிள்ளைகள் அடுத்த வாரமும் வருகிறார்கள்.

மலைப்பக்கம் இந்தப் பாடத்தை நாம் பெரிய விலை கொடுத்துப் படித்தோம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதிமுறைகள் வந்தன. 2024-இல் தமிழக அரசே 40 மலைப்பாதைகளை முறைப்படுத்தித் திறந்தபோது, உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவித்து வழிகாட்டிகளாக வைத்தது. திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையும் அதில் உண்டு. தண்ணீருக்கு அப்படி ஒன்று இன்னும் வரவில்லை. தடை இருக்கிறது. தடை உயிரைக் காக்கும், சரி. தடைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் எதையும் கற்க முடியாது.

கற்க இருப்பதோ ஏராளம். பாடு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் ஏரியின் நல்ல மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிற பழைய ஏற்பாடு அது. இன்றைக்கு இந்த இடத்தில் வலை கட்ட யாருக்கு முறை என்பது குலுக்கலிலும் சுழற்சியிலும் முடிவாகும். பலம் உள்ளவன் தினமும் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. 'அவனவன் பாடு' என்று நாம் சலிப்பாகச் சொல்கிற சொல் இங்கே ஒரு நீதிமன்றத்தின் வேலையைச் செய்கிறது. குடிமையியல் புத்தகத்தில் பஞ்சாயத்து என்று ஒரு பக்கம் படித்திருந்த பிள்ளைகள் வாய் திறந்து கேட்டார்கள். டச்சுக்காரர்களின் கல்லறைக்கும் போனோம், வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு செல்பி எடுத்தார்கள், பத்து நிமிடம்.

கிளம்பும் முன் கரைக்கு வந்தபோது மணி இரண்டரை. குச்சியை நாங்கள் மறந்துவிட்டோம், பிள்ளைகள் மறக்கவில்லை. காலையில் மணலில் நின்ற குச்சி இப்போது தண்ணீருக்குள், கரையிலிருந்து பதினைந்து அடி தள்ளி நின்றது. ரயில் நிலையத்தில் ஏரியைத் தேடிய அதே பையன் காலைத் தேய்த்துத் தேய்த்துப் போய்ப் பக்கத்தில் கை வைத்து அளந்தான். "ரெண்டு சாண் ஏறியிருக்கு சார்!" பிறகு தூரத்துத் திட்டைப் பார்த்தான். அதன் ஓரம் கரைந்து பாதியாகியிருந்தது. நீரோடை இருந்த இடம் தனி நிறத்தில் தெரிந்தது. நாங்கள் போயிருந்தால் இப்போது திரும்பிக்கொண்டிருப்போம்.

ஏற்பாட்டாளர் அவன் பின்னால் வந்து நின்றார். பெரியவரிடம் மெதுவாக, "அடுத்த தடவை எத்தனை மணிக்கு வரணும் தாத்தா?" என்று கேட்டார்.

"மொத நாள் ராத்திரி எனக்கு ஒரு போன் போடுங்க. அன்னைக்குச் சொல்றேன்."

(தொடரும்)