பணம் இருவருடையது, பத்திரம் ஒருவர் பெயரில்

ஏற்கெனவே மணமாகி, விவாகரத்து பெறாத ஒருவர் வேறொரு பெண்ணுடன் பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார். அந்தப் பெண்ணின் பெயருக்கு ஒரு வீட்டை செட்டில்மென்ட் பத்திரமாகவே எழுதிக் கொடுத்தார். பிறகு அந்தப் பெண் இறந்துபோனார். கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, செட்டில்மென்டை அவர் தன்னிச்சையாக ரத்து செய்தார். பெண்ணின் தந்தை நீதிமன்றத்துக்குப் போனார். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.எம்.டி. டீக்கா ராமன் தீர்ப்பளித்தார்: வீடு தந்தைக்கு. சேர்ந்து வாழ்ந்தவர் சட்டப்படி கணவரும் அல்ல, வாரிசும் அல்ல.

இந்தத் தீர்ப்பைச் சென்னையை அடுத்த நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கம் குடியிருக்கும் இளைஞர்கள் ஒருமுறை படிப்பது நல்லது. இருவருக்கும் ஐ.டி. வேலை, இருவருக்கும் சம்பளம். கல்யாணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வாடகையாகப் போகிற பணத்தை இ.எம்.ஐ. ஆகக் கட்டினால் வீடாவது மிஞ்சும் என்ற கணக்கு. கணக்கில் தவறில்லை. லோன் யாருக்கு எளிதில் கிடைக்கிறதோ அவர் பெயரில் பத்திரம், மற்றவர் மாதாமாதம் ஜிபே-யில் பாதிப் பணம் என்ற ஏற்பாட்டில்தான் சிக்கல்.

மனைவியின் நிலை வேறு. கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் இதே உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி சொன்னார். அந்த உழைப்பை அவர் பணத்துக்கு இணையாக எண்ணினார். தாலி இல்லாத உறவில் ரொக்கமாகவே பணம் போட்டவருக்குக்கூட இப்படியொரு ஆதரவு இல்லை.

பணம் போட்டதற்கு வங்கிக் கணக்கே சாட்சி, நீதிமன்றத்தில் காட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய பொறி இதுதான். ஒருவர் பணம் கொடுத்து, இன்னொருவர் பெயரில் சொத்து வாங்கி, அதன் பலனைப் பணம் கொடுத்தவரே அனுபவிப்பதாக இருந்தால் அது பினாமி பரிவர்த்தனை. 2016 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தச் சட்டம் கணவன், மனைவி, பிள்ளைகள் பெயரில் கணக்குக் காட்டக்கூடிய வருமானத்தில் வாங்குவதற்கு விலக்கு தருகிறது. உடன்பிறந்தோர், பெற்றோர் ஆகியோருடன் கூட்டாக வாங்கவும் விலக்கு உண்டு. காதலன், காதலி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, ‘பணம் என்னுடையது, பெயர் மட்டும்தான் அவருடையது’ என்று வழக்குப் போடுபவர் தன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் ஆகிவிடலாம். பினாமி என்று தீர்மானமானால் வழக்கே நிற்காது. சொத்தை அரசு பறிமுதல் செய்யலாம். 1 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும், சந்தை மதிப்பில் 25 சதவிகிதம் வரை அபராதமும் உண்டு.

வங்கி வேறொரு பக்கத்திலிருந்து கழுத்தைப் பிடிக்கும். லோனில் கோ-அப்ளிகன்ட் ஆகக் கையெழுத்துப் போட்டவர் கடன் முழுவதற்கும் பொறுப்பு. பத்திரத்தில் பெயர் இல்லையென்றால் வீட்டில் ஒரு செங்கல்கூட அவருடையதில்லை. வரியும் இருக்கிறது: உறவினர் அல்லாதவர் தரும் அன்பளிப்பு ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் வாங்கியவரின் வருமானம்.

இத்தனைக்கும் தீர்வு பழைய சட்டம் ஒன்றிலேயே இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 45. இருவர் பெயரிலும் கிரயம் ஆகி, இருவரும் தனித்தனியே பணம் போட்டிருந்தால், போட்ட விகிதத்தில் பங்கு. 60 லட்ச ரூபாய் ஃப்ளாட்டுக்கு ஒருவர் 36 லட்சம், மற்றவர் 24 லட்சம் என்றால் 60-க்கு 40. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லாவிட்டால் பாதிக்குப் பாதி. இதைச் சட்டத்தின் ஊகத்துக்கு விடாமல், கிரயப் பத்திரத்திலேயே பங்கை எழுதிவிடலாம். கணவன் மனைவி மட்டும்தான் கூட்டாக வாங்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கூட்டு லோன் தர வங்கிகள்தான் தயங்கும். பத்திரத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது செலவு. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்குத் தமிழ்நாட்டில் உள்ள கட்டண உச்சவரம்புச் சலுகை மணமாகாத துணைக்குக் கிடையாது. மாற்றும் பங்கின் மதிப்பில் 7 சதவிகிதம் முத்திரைத் தீர்வை, 2 சதவிகிதம் பதிவுக் கட்டணம். லோன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும்.

பத்திரத்தில் இடமில்லாமல் போனால், கொடுக்கும் பணத்தைக் கடனாகவே எழுதி, வங்கி வழியாகவே அனுப்புவது அடுத்த வழி. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. திரும்பக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுகள்தான் அவகாசம். உறவு நன்றாக இருக்கும் காலத்திலேயே அது ஓடி முடிந்துவிடும்.

இறப்பைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிக்காது. ஆனால் கூட்டுப் பத்திரம் இருந்தும், உயில் இல்லாமல் ஒருவர் போனால் அவர் பங்கு அவருடைய பெற்றோருக்கோ மற்ற வாரிசுகளுக்கோ போகும். அதுவரை முகம்கொடுத்துப் பேசாத அப்பா வீட்டின் பங்காளி ஆகிவிடலாம். இரண்டு சாட்சிகளோடு ஆளுக்கொரு உயில் எழுதினால் இது தீரும். பதிவு கட்டாயமில்லை, திருப்போரூர் சார்பதிவாளர் அலுவலகம் வரை போய்ப் பதிந்துவிட்டால் பின்னால் வாதம் குறையும்.

பெண்ணுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பாதுகாப்பு உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, ‘திருமணம் போன்ற உறவில்’ வாழ்ந்தவரைச் சட்ட நடைமுறை இல்லாமல் கூட்டுக் குடியிருப்பிலிருந்து விரட்ட முடியாது. இது குடியிருக்கும் உரிமை, சொத்துரிமை அல்ல. எது திருமணம் போன்ற உறவு என்று 2010-இல் கோவையிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது: இருவரும் மணமுடிக்கத் தகுதியுள்ளவர்கள், ஊரறியத் தம்பதிபோல் வாழ்ந்தவர்கள், கணிசமான காலம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். வார இறுதிகளைச் சேர்ந்து கழிப்பது கணக்கில் வராது என்றும் அது சொன்னது. மாமல்லபுரம் கடற்கரையோரம் சனி, ஞாயிறுக்கென்று வீடு வாங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். மணமானவர் என்று தெரிந்தே வாழ்ந்த பெண்ணுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது என்று 2013-இல் இன்னொரு வழக்கில் தீர்ப்பானது. பெங்களூருவைச் சேர்ந்த அந்தப் பெண் பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர். தன்பாலின இணையருக்கு இதுவும் இல்லை. அவர்களுக்குக் கூட்டுப் பத்திரமும் உயிலும்தான் துணை.

உறவு முறிந்தபின், கூட்டுப் பத்திரத்தில் பெயர் உள்ளவர் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். ஃப்ளாட்டைச் சுவர் வைத்துப் பிரிக்க முடியாதபோது நீதிமன்றம் விற்றுப் பணமாகப் பிரித்துத் தரவும் 1893-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். தேசியச் சட்ட உதவி எண் 15100, பெண்கள் உதவி எண் 181. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அழைத்துக் கேளுங்கள்.