வீட்டில் நிற்கும் சைக்கிளே போதும்: நம் பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள் குழு

பிளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்த சைக்கிள் நம் தெருக்களில் பல வீடுகளில் சும்மா நிற்கிறது. பள்ளி முடிந்ததும் பையன் பைக் கேட்கிறான். பெண்பிள்ளையின் சைக்கிள் துருப்பிடிக்கிறது. பத்துப் பேர் சேர்ந்தால் அந்தச் சைக்கிள்களை வைத்தே ஒரு குழு தொடங்கிவிடலாம்.

இதற்கு முன்மாதிரி புதுக்கோட்டை. 1991-ல் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தறிவோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் தந்தார். பல்லாயிரம் கிராமப் பெண்கள் கற்றார்கள். முஸ்லிம் பெண்களும் அவர்களில் உண்டு. கேலி பேசியவர்கள் இருந்தும் அது நிலைத்ததற்குக் காரணம் ஏற்பாடுதான். கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார். சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைத்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள்.

நாமும் ஏற்பாட்டிலிருந்தே தொடங்குவோம்.

பொறுப்பாளர்கள்: முன்னால் வழிகாட்ட ஒருவர், கடைசியில் வர ஒருவர், கணக்குக்கு ஒருவர். பெண்பிள்ளைகள் குழுவுக்குப் பெண்களே பொறுப்பு.

பெற்றோர்: எழுத்தில் சம்மதம், போன் நம்பர், ரத்த வகை, மூச்சுத்திணறல் போன்ற நோய் விவரம் ஆகியவற்றை முதலிலேயே வாங்கிவிட வேண்டும்.

சைக்கிள்: கிளம்பும் முன் பிரேக், காற்று, செயின், பெல் பார்க்க வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் யாரையும் சேர்க்கக் கூடாது. பஞ்சர் சாமானும் தண்ணீரும் கூட வரட்டும்.

பாதை: ஃபஜ்ர் தொழுகை முடிந்து, வெளிச்சம் வந்தபின் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பலாம். முதல் மாதம் மைதானத்தில்; பிறகு 5 கி.மீ., மெல்ல 10, 15. சிவகாசி–விருதுநகர் சாலையில் லாரிகள் வேகமாக வரும். தொடக்கத்தில் அந்தப் பக்கம் வேண்டாம். எங்கும் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டே ஓட்ட வேண்டும். ஒருவருக்குப் பஞ்சர் என்றால் எல்லோரும் நிற்க வேண்டும்.

பணம்: மாதச் சந்தா சிறிதாக இருக்கட்டும். வரவு செலவை நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை எல்லோர் முன்பும் வாசிக்க வேண்டும். அது அமானிதம்.

பிள்ளைகளுக்கு ஓர் இலக்கும் உண்டு. அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் அரசு சைக்கிள் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. மாணவிகளுக்குத் தனிப் போட்டி. கியர் இல்லாத சாதாரண சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும். நம் வீட்டுச் சைக்கிளுக்கு அங்கே இடமுண்டு.

பரிசு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். போன அத்தனை பேரும் பத்திரமாக வீடு திரும்பினால் குழு நன்றாக நடக்கிறது என்று பொருள். இன்ஷா அல்லாஹ், இந்த ஞாயிறே உங்கள் தெருவில் பேசிப் பாருங்கள்.