ஒரு விசைக்குள் ஒரு வரி
உதகை கிளப்பில் 1880களில் விதிகள் வகுக்கப்பட்ட ஸ்னூக்கரில் இரு ஆட்டக்காரருக்கும் பந்துகள் பொதுவானவை; இருவரின் வேலையும் ஒன்றே. 2004இல் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் இணையவழி விளையாட்டிலோ, அடி தாங்குவது, காயம் ஆற்றுவது, எதிரியைத் தாக்குவது ஆகியவற்றுள் ஒருவர் எவற்றை ஏற்கலாம் என்பதை, தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கும் ‘கிளாஸ்’ எனப்படும் பாத்திர வகை தீர்மானித்துவிடுகிறது. அவ்வகைக்குரிய திறன்களை ஒரு விசையில் அடக்கும், 255 எழுத்துக்குறிகளுக்கு மிகாத கட்டளைத் தொகுப்பே மேக்ரோ. பிரீஸ்ட் வகையைத் தேர்ந்தவர், மவுஸின் முனை எந்தத் தோழர்மீது நிற்கிறதோ அவருக்கே குணமாக்கும் மந்திரம் செல்லுமாறு ஒரு வரி எழுதிக்கொண்டால், ஒவ்வொருவரையும் கிளிக் செய்து தேர்ந்தெடுக்கும் வேலை மிச்சமாகிறது. ஆயினும், பெரும்பாலான மந்திரங்களுக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை நொடிக் காத்திருப்பு உண்டு என்பதாலும், அக்காத்திருப்புக்கு உட்பட்டவற்றுள் ஓர் அழுத்தத்துக்கு ஒன்றே இயங்கும் என்பதாலும், முழுச் சண்டையையும் மேக்ரோவிடம் ஒப்படைக்க முடியாது. முடிந்திருந்தால் ஆடுபவருக்கு அங்கே வேலையே இராது.