கோயிலடிக் கல்லில் உள்ள பெயர்கள் யாருடையவை?

இங்கிலாந்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் தேவாலயத்தடியிலோ சந்தியிலோ ஒரு கல் நிற்கும். சில ஊர்களில் சிலுவை, சில ஊர்களில் வெறும் தூண். நவம்பர் மாதம் வந்தால் அதன் காலடியில் சிவப்புப் பூ வளையங்கள் வைப்பார்கள். புதிதாக வந்து குடியேறிய எம்மவர்கள் அதைக் கடந்துதான் பஸ்ஸுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் போகிறார்கள். நின்று வாசிப்பவர்கள் குறைவு. வாசித்தாலும் பெரிதாக விளங்காது. பெரும்பாலும் முதலெழுத்தும் குடும்பப் பெயரும்தான் இருக்கும். என்ன வயது, எந்த நாட்டில், எப்படிச் செத்தார் என்று அநேகமான கற்களில் இராது.

நாங்கள் இருப்பது நோர்போக்கில். கோழித் தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவரின் குடும்பப் பெயர் அவருடைய கிராமத்துக் கல்லில் மூன்று தரம் வருகிறது. முதலாவது உலகப் போர்ப் பட்டியலில் இரண்டு, இரண்டாவது போரில் ஒன்று. யார் இவர்கள் என்று கேட்டோம். பாட்டனாரின் சகோதரர்களாக இருக்கும் என்றார். அதற்கு மேல் அவருக்கே தெரியவில்லை. நூறு வருடத்தில் சொந்த வீட்டிலேயே மறந்து போயிற்று. அவரும் விரும்பவே, நாங்கள் இரண்டு மூன்று பேர் லீவு நாட்களில் அவரோடு சேர்ந்து தேடினோம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும். தேடித் தேடிப் போனபோது கடைசியில் அது எங்கள் சனத்திடமே கொண்டுவந்து விட்டது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் இந்தக் கற்கள் ஏன் வந்தன என்று சொல்ல வேண்டும். 1915ஆம் ஆண்டிலேயே, போரில் இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவரக் கூடாது என்று பிரித்தானியா தடை போட்டது. பணக்காரன் மகன் ஊருக்கு வர, கூலிக்காரன் மகன் அங்கேயே கிடப்பதா என்ற கேள்வியும் அதில் இருந்தது. எல்லோரும் விழுந்த நாட்டிலேயே புதைக்கப்பட்டார்கள். பதவி பாராமல் எல்லோருக்கும் ஒரே அளவுக் கல். அந்தக் கல்லில் குடும்பத்தார் விரும்பிய வாசகத்தை 66 எழுத்துக்குள் வெட்டலாம். எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் என்று முதலில் விலையும் வைத்திருந்தார்கள்! பிரான்சுக்குப் போய்க் கல்லறை பார்க்க ஏழைத் தாய்க்கு எங்கே வசதி? ஆகவே ஊரில் காசு சேர்த்துக் கல் நாட்டினார்கள். உடல் வராத வீட்டுக்கு அதுதான் கல்லறை.

யாருடைய பெயரைப் போடுவது என்று அரசாங்கம் சட்டம் எதுவும் போடவில்லை. ஊர்க் கமிட்டிதான் தீர்மானித்தது. வீடு வீடாகக் கேட்டார்கள், தேவாலயத்தில் அறிவித்தார்கள். தாய் ஒரு ஊரிலும் மனைவி இன்னொரு ஊரிலும் இருந்தால் ஒருவனுடைய பெயர் இரண்டு கல்லிலும் வந்துவிடும். குடும்பம் வேறிடம் போயிருந்தால் ஒரு கல்லிலும் வராது. கேட்பதற்கு ஆள் இல்லாதவன் விடுபட்டுப் போனான்.

தேடுவதற்கு முதல் படி பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் பதிவேடு. 1917இல் தொடங்கிய அமைப்பு இது. இப்போது அந்தப் பதிவேட்டைக் கணினியில் இலவசமாகவே பார்க்கலாம். பெயரைக் கொடுத்தால் இலக்கம், படைப்பிரிவு, இறந்த திகதி, கல்லறை எங்கே என்பதெல்லாம் வரும். ஒரே பெயரில் இருபது பேர் வந்தால் பயப்பட வேண்டாம். இன்னாரின் மகன், இன்ன ஊர் என்று சிலருக்கு எழுதியிருக்கும். போருக்குப் பிறகு குடும்பங்களுக்குப் படிவம் அனுப்பிக் கேட்டு எழுதியது அது. படிவம் திரும்பி வராதவர்களுக்கு அந்த வரி இல்லை.

அடுத்தது இராணுவக் கோப்பு. இங்கேதான் ஒரு பெரிய இடி. முதலாம் போர்ச் சிப்பாய்களின் கோப்புகள் லண்டனில் ஒரு களஞ்சியத்தில் இருந்தன. 1940 செப்டெம்பரில் ஜெர்மன் விமானக் குண்டு விழுந்து அரைவாசிக்கு மேல் எரிந்து போயின. தப்பியவற்றிலும் ஓரம் கருகி, தண்ணீர் பட்டு மை பரவியிருக்கிறது. அவை கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சனத்துக்கு இந்த இழப்பை விளக்கத் தேவையில்லை.

கோப்பு எரிந்தால் வேறு வழி உண்டு. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, என்ன தொழில் என்று வீட்டுத் தலைவரே தன் கையால் எழுதியிருப்பார். நாங்கள் தேடிய குடும்பத்தில் தகப்பன் வயல் கூலி. மூத்தவனுக்கு 17 வயது, அவனும் வயல் வேலை. இளையவன் 13 வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளை. கல்லில் உள்ள இரண்டு பெயர்களும் இந்த இருவர்தான். இடையில் ஒரு சகோதரன் இருந்தான். அவன் தப்பிப் பிழைத்தான், அவன்தான் எங்கள் நண்பரின் பாட்டனார். இளையவன் 1918இல் பிரான்சில் இறந்தான். அவனுக்குக் கல்லறை உண்டு. மூத்தவனுக்கு இல்லை.

மூத்தவன் நோர்போக் ரெஜிமென்டின் ஐந்தாவது பட்டாலியனில் இருந்தவன். 1915 ஓகஸ்ட் 12ஆம் திகதி துருக்கியில் கலிப்போலிக் களத்தில் காணாமல் போனான். இந்தப் பட்டாலியனின் கதை இங்கே பிரசித்தம். அரசரின் சாண்ட்ரிங்ஹாம் பண்ணையில் வேலை செய்தவர்கள் ஒரு கம்பனியாகச் சேர்ந்து போனார்கள். பண்ணை மனேஜர் பிராங்க் பெக் என்பவரே அவர்களுக்குக் கப்டன். அன்று பின்னேரம் துருக்கியரை விரட்டிக்கொண்டு முன்னே போன கூட்டம் திரும்பி வரவில்லை. பிரதம தளபதி ஹமில்ட்டன் தன் அறிக்கையில், கேணலும் 16 அதிகாரிகளும் 250 பேரும் காட்டுக்குள் போய் மறைந்துவிட்டார்கள் என்ற கருத்தில் எழுதினார். வீடுகளில் நான்கு வருடம் காத்திருந்தார்கள். கைதியாக இருப்பான், ஆஸ்பத்திரியில் இருப்பான் என்று.

காத்திருக்கும் வீட்டில் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கோப்பை கூட வைப்பார்கள். சாத்திரியிடம் போவார்கள். திவசம் செய்வதா விடுவதா என்று வீட்டுக்குள்ளேயே சண்டை வரும்.

1919இல் கல்லறைப் பதிவுப் பிரிவு அந்த இடத்தைக் கண்டுபிடித்தது. துருக்கியரின் முன்னரணுக்கு 800 யார் அப்பால், ஒரு சதுர மைல் அளவில் 180 உடல்கள் சிதறிக் கிடந்தன. 122 பேர் நோர்போக் படையினர். இன்னார் என்று அடையாளம் காண முடிந்தது இரண்டே இரண்டு பேரை. காணிக்காரத் துருக்கி விவசாயி உடல்களை இழுத்துப் பக்கத்துப் பள்ளத்தில் போட்டிருந்தான். மற்றவர்களின் பெயர்கள் ஹெலஸ் நினைவுத் தூணில் 20,000க்கும் மேற்பட்ட பெயர்களோடு இருக்கின்றன. இதன் பிறகும், 1965இல் நியூசிலாந்துப் பழைய சிப்பாய்கள் சிலர், ஒரு மேகம் இறங்கி வந்து படையைத் தூக்கிக்கொண்டு போனதைக் கண்டோம் என்று சொல்ல, அதை நம்பிப் புத்தகம் எழுதியவர்களும் உண்டு. உண்மை கிடைக்காத இடத்தில் கதை வந்து குந்திவிடும்.

இனி மூன்றாவது பெயர். இவன் அந்த நடுச் சகோதரனின் மகன், எங்கள் நண்பருக்குப் பெரியப்பா முறை. தகப்பன் தன் இரண்டு சகோதரரை ஒரு போருக்கும் மூத்த மகனை மறு போருக்கும் கொடுத்திருக்கிறார். பதிவேட்டில் இறந்த ஆண்டு 1943, இடம் தாய்லாந்து, காஞ்சனபுரி போர்க் கல்லறை என்று வந்தது.

நோர்போக், சபோக், கேம்பிரிட்ஜ் பக்கத்துக் கிராமக் கற்களில் இப்படிப்பட்ட பெயர்கள் நிறைய. இந்த மாவட்டப் பிள்ளைகளைக் கொண்ட 18ஆவது டிவிஷன் 1942 ஜனவரியில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்து, பெப்ரவரி 15ஆம் திகதி ஜப்பானியரிடம் சரணடைந்தது. வயல் வேலை செய்த பையன்கள் வந்து சில வாரங்களில் கைதிகள். பிறகு சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் ரயில்பாதை போட அவர்களைக் கொண்டுபோனார்கள். 60,000க்கு மேற்பட்ட கைதிகளில் 12,000க்கு மேல் செத்தார்கள். பசி, மலேரியா, புண், 1943 மழைக்காலத்தில் கொலரா.

இவர்களைப் பற்றிய குறிப்பு எப்படித் தப்பியது என்பது வியப்பான விஷயம். முகாமில் இருந்த மருத்துவர்களும் அதிகாரிகளும் யார் எந்த நாள் எந்த நோயில் செத்தான், எந்த இடத்தில் புதைத்தோம் என்று களவாக எழுதினார்கள். பிடிபட்டால் அடி உதை. எழுதியதைப் போத்தலிலும் தகரத்திலும் போட்டுப் புதைத்து வைத்தார்கள். போர் முடிந்து சில வாரங்களிலேயே, 1945 செப்டெம்பரில், ஒரு சிறு குழு அந்தப் பாதை நெடுக ரயிலில் போய்த் தேடியது. 144 இடுகாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடிக்க முடியாமல் போனது 52 மட்டும். காட்டுக்குள்ளே, மழையிலே, பென்சிலால் எழுதி வைத்ததன் பலன் இது. ஜப்பானியர் எழுதிய கைதி அட்டைகளும் கியூவில் இருக்கின்றன. இறந்தவரின் அட்டையில் குறுக்கே இரண்டு சிவப்புக் கோடு.

அதே பாதையில், அதே மழையில், அதே கொலராவில் செத்த இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஜப்பானியர் ஆசியத் தொழிலாளர்களையும் இரண்டு லட்சம் அளவில் கொண்டுபோனார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கு மேல். அதில் பெரும்பகுதி றப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர். நல்ல சம்பளம், சாப்பாடு, கொஞ்ச மாத வேலை என்று சொல்லி ஏற்றினார்கள், பிறகு பிடித்தும் ஏற்றினார்கள். பெண்சாதி பிள்ளைகளோடு போனவர்களும் உண்டு. மலேசியாவில் இன்றும் சயாம் மரண ரயில் என்றுதான் சொல்வார்கள்.

செத்த ஆசியத் தொழிலாளர் 80,000 என்பார் சிலர், ஒரு லட்சம் என்பார் சிலர். கைதிகள் விஷயத்தில் 52 கல்லறை காணவில்லை என்று ஒற்றையாகக் கணக்குச் சொல்ல முடிகிறது. இவர்கள் விஷயத்தில் இருபதாயிரம் உயிர் கூடக் குறையச் சொல்கிறார்கள். காரணம் ஒன்றுதான். அவர்களோடு போதிய மருத்துவரும் இல்லை, பெயர் எழுத அதிகாரியும் இல்லை. காஞ்சனபுரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு வெட்டிய புல்லும் பூச்செடியும் வைத்த கல்லறை. 1990 நவம்பரில் அதே ஊரில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் வெளியே வந்தன. ஒரு எலும்புக்கும் பெயர் இல்லை.

வெள்ளைக்காரரிலும் இதை எழுப்பியவர்கள் இருக்கிறார்கள். 2021 ஏப்ரலில் போர்க் கல்லறை ஆணைக்குழுவே ஒரு அறிக்கை வெளியிட்டது. முதலாம் போரில் பிரித்தானியப் பேரரசுக்காக இறந்த ஆபிரிக்கர், மத்திய கிழக்கார் முதலானோரில் குறைந்தது 116,000 பேரின் பெயர் எங்குமே பொறிக்கப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. தேடினவர்கள் இருந்தபடியால்தான் கேட்டார்கள்.

கல் நாட்டுவது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வழக்கம் என்று எங்கள் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல் 2,000 வருடத்துக்கு மேல் பழையது என்கிறார்கள். ஆநிரை கவர்ந்த சண்டையில் செத்தவனுடைய பெயரும் கூடலூர் என்ற ஊரும் அதில் வெட்டியிருக்கிறது. 2023இல் காஞ்சனபுரியிலும் சயாம் ரயில்பாதையில் மாண்ட தமிழருக்காக ஒரு நடுகல் நாட்டினார்கள். எண்பது வருடம் பிந்தித்தான்.

எங்கள் நாட்டிலோ இருந்த கற்களையே கிண்டி எறிந்தார்கள். கோப்பாய்த் துயிலும் இல்லத்தை புல்டோசரால் உழுது, 2011இல் அந்த இடத்திலேயே படைத் தலைமையகம் திறந்தார்கள். சண்டையில் போனவர்கள் ஒருபுறம். பதுங்கு குழியில் போனவர்கள், கடலில் போனவர்கள், பிடித்துக்கொண்டு போய்த் திரும்பாதவர்கள் பட்டியலில்கூட இல்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தாய்மார் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் குந்தினார்கள். கலிப்போலிக்காகக் காத்திருந்த நோர்போக் தாய்மாருக்கு நான்கு வருடத்தில் விடை வந்தது.

இங்கே தேடிப் பழகியபோது எது உதவியது, எது உதவவில்லை என்று கண்டுகொண்டோம். வெறும் பெயர் உதவாது. தகப்பன் பெயர் வேண்டும், ஊரும் குறிச்சியும் வேண்டும், வயது, தொழில், கடைசியாகக் கண்டது யார், எந்த இடம், எந்தத் திகதி என்பது வேண்டும். திகதி தெரியாவிட்டால், தைப்பொங்கலுக்கு முதல் கிழமை, சந்நிதி தேர் நடந்த பிறகு என்றாவது எழுதலாம். ஆகவே நாங்கள் ஒரு சாதாரணக் கொப்பி வாங்கி, எங்கள் ஊர்ப் பக்கம் போனவர்களை எழுதத் தொடங்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு ரெலிபோன் எடுக்கும்போது ஒரு பெயர், இரண்டு பெயர் கேட்கிறோம். ஒரே ஆளைப் பற்றி மாமி ஒரு மாதிரியும் பெரியம்மா வேறு மாதிரியும் சொன்னால் இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்றும் போடுகிறோம். பிரதி ஒன்று வேறு வீட்டில் இருக்கிறது, 1940இல் லண்டனில் நடந்ததை நினைத்து.

மலாயாவில் இருந்த தமிழரைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தார் பலர் அங்கே ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை செய்தவர்கள். மலாயன் பென்சனியர் வீடு இல்லாத ஊர் யாழ்ப்பாணத்தில் இல்லை. உங்கள் பூட்டன், பாட்டன் யாராவது 1942க்கும் 1945க்கும் இடையில் அங்கிருந்து எழுதிய கடிதமோ, தோட்டத்துச் செக்றோல் போன்ற பதிவோ, நாட்குறிப்போ வீட்டில் இருந்தால் அதை எறிய வேண்டாம். வயது போன உறவினர் மலேசியாவில் இருந்தால், சயாமுக்குப் போனவர் பெயர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டு இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். மை மங்கியிருந்தாலும் பரவாயில்லை, ஒரு பெயரும் ஒரு தோட்டத்துப் பெயரும் வாசிக்கக் கிடைத்தால் அதிலிருந்து தொடங்கலாம்.